பஸ்மம் சேர்ந்த வலி மருந்தை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பஸ்மம் (உலோகத்தையோ கனிமத்தையோ புடம் போட்டு எடுத்த பொடி) சேர்ந்த வலி மருந்தைச் சோதிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே காராஜீனன் (எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கச் செலுத்தும் பொருள்) எங்கே வாங்கலாம், பிளெதிஸ்மோமீட்டர் (அந்த வீக்கத்தை அளக்கும் கருவி) எந்தத் துறையில் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எட்டாவது படி. முந்தைய ஏழையும் தாண்டிக் குதித்துச் செய்த சோதனைகளின் முடிவுகளைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் பாதியாகக் குறைந்தது என்று வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் குறைத்தது மூலிகையா, உலோகமா, கூடக் கொடுத்த தேனா என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டிக்கு மகாயோகராஜ குக்குலுவை எடுத்துக்கொள்கிறேன். மூட்டுவலிக்கும் வாத நோய்களுக்கும் ஆயுர்வேத மருத்துவர்கள் தரும் மருந்து இது. குக்குலு, திரிபலா, சுக்கு, திப்பிலி முதலான மூலிகைச் சரக்குகளோடு வங்கம் (வெள்ளீயம்), வெள்ளி, நாகம், இரும்பு, அப்ரகம் (மைக்கா), மண்டூரம் (இரும்புக் கசடு) ஆகியவற்றின் பஸ்மங்களும் ரஸசிந்தூரமும் இதில் சேர்கின்றன. நாகம் என்றால் இங்கே ஈயம், ரஸசிந்தூரம் என்றால் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மெர்க்குரி சல்ஃபைடு. ஆக ஒரே மாத்திரையில் ஈயமும் இருக்கிறது, பாதரசமும் இருக்கிறது. சித்த மருந்துகளில் பற்பம், செந்தூரம் சோதிப்பவர்களுக்கும் வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

இது எம்.ஃபார்ம், ரசசாஸ்திர (ஆயுர்வேதத்தில் உலோக, கனிம மருந்துகளின் துறை) முதுகலை மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்துகிறவர்களுக்கும் எழுதியது. வீட்டில் இருக்கும் மாத்திரையைத் தானே சாப்பிட்டு வலி குறைகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

1. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மகாயோகராஜ குக்குலு வலியைக் குறைக்கிறதா" என்பது பலவீனமான கேள்வி. குக்குலு பிசினுக்கே அழற்சியைக் குறைக்கும் குணம் உண்டு என்று விலங்குச் சோதனைகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன, அதனால் முழு மருந்தைக் கொடுத்து வீக்கம் குறைந்தால் புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

கேட்க வேண்டியது இது: மூலிகைகள் மட்டும் தரும் பலனுக்கு மேல் உலோகங்கள் என்ன சேர்க்கின்றன, அதற்கு உடல் என்ன விலை கொடுக்கிறது? இந்தக் கேள்வியை எழுதிவிட்டால் குழுக்கள் தாமாகவே அமைந்துவிடும்.

குறைந்தது ஐந்து குழுக்கள் வேண்டும். மருந்தில்லாத கரைப்பானும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், நெய் போன்றது) மட்டும் பெறும் கன்ட்ரோல் குழு, இண்டோமெத்தசின் போன்ற தெரிந்த மருந்து பெறும் குழு, முழு மருந்து பெறும் குழு, பஸ்மங்களை நீக்கிய அதே மருந்து பெறும் குழு, பஸ்மங்களை மட்டும் பெறும் குழு. கடைசி இரண்டையும்தான் இடமில்லை, பணமில்லை என்று எல்லோரும் வெட்டுகிறார்கள். முழு மருந்தின் இரண்டு, மூன்று டோஸ்களை வைத்துக்கொண்டு இவற்றை வெட்டுவதைவிட, டோஸ் ஒன்றாகக் குறைத்து இவற்றை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

2. மருந்தை ஒரே பேட்சில், மூன்று வடிவத்தில் தயாரியுங்கள்

ஒரே பஸ்மத்தை இரண்டு பேர் புடம் போட்டால் இரண்டு விதமாக வரும். எரு எத்தனை, புடம் எத்தனை, எந்தச் சாற்றில் அரைத்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்துத் துகளின் அளவும் வேதி வடிவமும் மாறுகின்றன. அதனால் வேதிப் பகுப்பாய்வு, நச்சுச் சோதனை, வலிச் சோதனை மூன்றும் ஒரே பேட்சில் நடக்க வேண்டும். பாதியில் தீர்ந்துபோய் வேறு பேட்ச் வாங்கினால் முதலிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை. தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கி வையுங்கள், ஒரு பகுதியை முத்திரையிட்டுத் தனியே எடுத்து வையுங்கள்.

கடை மாத்திரையிலிருந்து பஸ்மத்தைப் பிரித்தெடுக்க முடியாது. பஸ்மங்களைத் தனியாகவும் மூலிகைச் சூரணத்தையும் குக்குலுவையும் தனியாகவும் உரிமம் பெற்ற ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கி, ரசசாஸ்திரம் தெரிந்தவர் முன்னால் கல்வத்தில் அரைத்து மூன்று வடிவங்களையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பஸ்மத்தை நீக்கிய மருந்தையும் முழு மருந்தையும் ஒரே எடையில் கொடுப்பார்கள். 100 மி.கி. மருந்தில் 30 மி.கி. பஸ்மம் என்று வைத்துக்கொள்வோம். பஸ்மம் இல்லாத வடிவத்தில் 100 மி.கி. கொடுத்தால் மூலிகை 70க்குப் பதில் 100 போய்விடும், ஒப்பீடே கெட்டுப்போகும். அதில் 70 மி.கி. மட்டும் கொடுங்கள், பஸ்மம் மட்டும் பெறும் குழுவுக்கு 30 மி.கி. கொடுங்கள்.

3. ஜாடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் நூல்வழிச் சோதனைகள். தண்ணீரில் மிதக்கிறதா, விரல் ரேகைக்குள் இறங்குகிறதா, வெயிலில் காட்டினால் மினுக்கம் இல்லாமல் இருக்கிறதா என்ற மூன்றும் சில நிமிட வேலை. அப்புறம் நெய், தேன், குக்குலு, குன்றிமணி, வெங்காரம் ஐந்தையும் சேர்த்துச் சூடாக்கினால் உலோகம் திரும்ப வருகிறதா என்று பார்க்கும் அபுனர்பவம், வெள்ளியோடு சேர்த்துச் சூடாக்கி வெள்ளியின் எடை கூடுகிறதா என்று பார்க்கும் நிருத்தம். தாமிர பஸ்மம் சேர்ந்த வேறு மருந்து என்றால் தயிரில் கலந்து வைத்துப் பச்சை நிறம் வருகிறதா என்றும் பாருங்கள், பச்சை வந்தால் கரையக்கூடிய செம்பு மிச்சம் இருக்கிறது.

இவற்றை ஒப்புக்குச் செய்யாதீர்கள். இவற்றில் தோற்ற பஸ்மத்தை மேலே கொண்டுபோகவே கூடாது, ஏனென்றால் வரும் தீமை மருந்தினுடையதா, தயாரிப்புக் குறையினுடையதா என்று பிறகு பிரிக்க முடியாது. அதே சமயம் இவற்றில் தேறியது என்பதால் நச்சில்லை என்றும் ஆகாது. மிதப்பது துகள் எவ்வளவு நுண்மை என்பதைச் சொல்கிறது, ஈயம் குடலில் உறிஞ்சப்படுமா என்பதைச் சொல்வதில்லை.

அடுத்து எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிரை வைத்து எந்தச் சேர்மம் என்று காணும் சோதனை. தனிமத்தின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது, அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதுதான் உடலில் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. ரஸசிந்தூரத்தில் மெர்க்குரி சல்ஃபைடு தெரிய வேண்டும், வங்க பஸ்மத்தில் பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு, லோக பஸ்மத்தில் இரும்பு ஆக்சைடு. நாக பஸ்மத்தில் சல்ஃபைடா, ஆக்சைடா என்பது தயாரிப்பு முறையைப் பொறுத்தது. வயிற்று அமிலத்தில் இரண்டும் ஒன்றுபோல் கரைவதில்லை, அதனால் எது என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐசிபி-எம்எஸ், அதாவது ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான், அதுவும் கருவிக்குள் போவதற்கு முன்னால். மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கரைத்து அனுப்பினால் மெர்க்குரி சல்ஃபைடு கரையாமல் அடியில் தங்கிவிடும், அறிக்கையில் பாதரசம் குறைவாக வரும், நீங்களும் மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடுவீர்கள். அதற்கு நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் இரண்டும் சேர்ந்த இராஜ திராவகம் வேண்டும். வெள்ளீய ஆக்சைடு அதற்கும் அசையாது, காரத்தோடு உருக்கியோ வேறு கடுமையான முறையிலோதான் கரைக்க முடியும். திறந்த பீக்கரில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும் என்பதால் மூடிய மைக்ரோவேவ் கலத்தில் செய்யச் சொல்லுங்கள்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள். எந்த அமிலம்? மூடிய கலமா? சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை எங்கள் மாதிரியோடு சேர்த்து ஓட்டினீர்களா? பாதரசம் கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியிலும் தலைகாட்டும், அதனால் இடையிடையே வெற்று மாதிரி ஓட்டினார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அமிலத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்ற சோதனை. பி.எச். 1.5 உள்ள கிளைசின் கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் மருந்தைக் குலுக்கி, வடிகட்டி, கரைந்து வந்த ஈயத்தை அளப்பது. மண்ணில் உள்ள ஈயத்துக்கு உருவான முறை இது, ஆனால் பஸ்மத்துக்கும் முதல்நிலைத் தகவல் கிடைக்கும். இதில் கரைந்த அளவு அதிகம் என்றால் பதினோராவது படியை இன்னும் கவனமாகத் திட்டமிடுங்கள்.

4. நெறிமுறைக் குழுவின் அனுமதி

இந்தியாவில் விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பி படிவம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தக் குழுக்களுக்கு மேலே இருந்து விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு முன்பு சிபிசிஎஸ்இஏ, இப்போது சிசிஎஸ்இஏ. ஒப்புதல் வருவதற்கு முன்னால் ஒரு விலங்கைக்கூடத் தொடாதீர்கள்.

குழு கேட்கும் முதல் கேள்வி எண்ணிக்கை. "எல்லோரும் ஆறு வைக்கிறார்கள்" என்பது பதில் அல்ல. முந்தைய சோதனைகளில் வீக்கத்தின் சராசரி எவ்வளவு, சிதறல் எவ்வளவு என்று எடுத்து, எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்று முடிவுசெய்து, ஜி-பவர் மாதிரியான மென்பொருளில் கணக்குப் போடுங்கள். முழு மருந்துக்கும் மூலிகை மட்டும் உள்ளதற்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறியதாகத்தான் இருக்கும், அதற்கு ஆறு பெரும்பாலும் போதாது.

ஒப்பீட்டு வலி மருந்தாக மார்ஃபினோ டிரமடாலோ பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டும் என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அதற்கான காகித வேலையையும் இப்போதே தொடங்குங்கள்.

5. டோஸ் கணக்கு

மனித டோஸைக் கிலோவால் வகுத்து எலிக்கு அப்படியே கொடுப்பது தவறு. சிறிய விலங்கின் வளர்சிதை மாற்றம் வேகமானது, அதனால் உடல் பரப்பை வைத்து மாற்ற வேண்டும். பேஜெட்-பார்ன்ஸ் அட்டவணைப்படி மொத்த மனித டோஸை 0.018ஆல் பெருக்கினால் 200 கிராம் எலிக்கான அளவு வரும். ஒரு நாளைக்கு 1 கிராம் என்று மருத்துவர் தருவதாக எடுத்துக்கொண்டால் 18 மி.கி., அதாவது கிலோவுக்கு 90 மி.கி. 20 கிராம் சுண்டெலிக்குப் பெருக்க வேண்டியது 0.0026. அது 2.6 மி.கி., கிலோவுக்கு 130.

அமெரிக்க எஃப்டிஏ முறையில் மனிதனின் எடை 60 கிலோ, எலிக்கு 6.2, சுண்டெலிக்கு 12.3 என்று பெருக்கினால் ஏறத்தாழ 103, 205 என்று வரும். எலிக்கு இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன, சுண்டெலிக்கு நன்றாகவே விலகுகின்றன. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். ஒரே ஆய்வில் எலிக்கு ஒன்று, சுண்டெலிக்கு மற்றொன்று என்று கலக்காதீர்கள்.

மனித டோஸின் பத்து மடங்கு கொடுத்து வீக்கம் குறைந்தது என்று சொல்வதில் பயனில்லை. அந்த அளவில் எந்த நோயாளிக்கும் யாரும் கொடுக்கப் போவதில்லை.

6. சஸ்பென்ஷனும் ஊட்டுதலும்

இந்தப் படியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பாதி ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான் என்பது என் எண்ணம். பஸ்மம் கரையாது, கனமானது. 0.5 சதவீத சிஎம்சியில் (துகள்களைத் தாங்கி நிறுத்தும் கூழ்) கலக்கி மேசைமேல் வைத்தால் சில நிமிடத்திலேயே அடியில் இறங்கத் தொடங்கும். மேலே உறிஞ்சிய முதல் எலிக்குத் தண்ணீரும், கடைசி எலிக்கு மூன்று மடங்கு ஈயமும் போகும். குழுவுக்குள் சிதறல் அதிகமாக இருக்கிறதே என்று பிறகு புள்ளியியலில் போராடுவார்கள்.

வழி இதுதான். ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்னும் வோர்டெக்ஸ் என்ற சுழல் கலக்கியில் கலக்குங்கள், உறிஞ்சியவுடன் ஊட்டிவிடுங்கள், மருந்து நிரம்பிய சிரிஞ்சுகளை வரிசையாக அடுக்கி வைக்காதீர்கள். குக்குலு பிசின் மெல்லிய ஊசியை அடைக்கும், அகலமான ஓரல் ஃபீடிங் ஊசி எடுங்கள். தொடங்குவதற்கு முந்தைய நாள் சஸ்பென்ஷனின் மேல், நடு, அடி மூன்றிடத்திலும் சம அளவு எடுத்து உலர்த்தி எடைபோட்டுப் பாருங்கள், மூன்றும் ஒத்துவராமல் விலங்குக் கூடத்துக்குள் போகாதீர்கள்.

கிலோவுக்கு 10 மி.லி. கொடுப்பதாக இருந்தால் 90 மி.கி. டோஸுக்கு ஒரு மி.லி.யில் 9 மி.கி. வேண்டும். எல்லாக் குழுவுக்கும் ஒரே பருமன் கொடுங்கள், ஏனென்றால் வயிறு நிறைவதும் வலி உணர்வை மாற்றும்.

தேன், நெய் போன்ற அனுபானம் சேர்த்தால் கன்ட்ரோல் உட்பட எல்லாக் குழுவுக்கும் அதே அளவு சேர வேண்டும். தேனுக்கே அழற்சி குறைக்கும் தன்மை இருக்கிறது. நெய் இருந்தால் உறிஞ்சுதல் மாறும். பட்டினி போட்ட விலங்கு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், அதனால் எத்தனை மணி நேரம் உணவு நிறுத்தினீர்கள் என்பதை எல்லா நாளும் ஒன்றுபோல் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்குள் ஊசி போட்டுச் சோதிக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். உறுத்தும் பொருளை வயிற்றறைக்குள் செலுத்தினாலே, அந்த உறுத்தலின் எதிர்வினையாகப் பாதத்தில் வீக்கம் குறையும். உலோகச் சேர்மங்களில் இந்தப் பொய்யான பலன் நன்றாகத் தெரிந்த ஒன்று. மனிதர்கள் வாய்வழி சாப்பிடும் மருந்தை வாய்வழியே சோதியுங்கள்.

7. வலிச் சோதனைக்கு முன் நச்சுச் சோதனை

ஓஇசிடி என்ற சர்வதேச அமைப்பின் 423ஆம் முறையில் ஒரே டோஸ் கொடுத்து 14 நாள் பார்ப்பது தொடக்கம் மட்டும்தான். இதில் கிலோவுக்கு 2000 மி.கி. தாங்கியது, ஆகவே மருந்து பாதுகாப்பானது என்று எழுதுகிறவர்கள் அதிகம். ஈயமும் பாதரசமும் நாள் போகப் போகச் சேரும் நஞ்சுகள், ஒரே டோஸில் அவை முகம் காட்டாது. குறைந்தது 28 நாள் நடக்கும் ஓஇசிடி 407 செய்யுங்கள். நீண்ட நாள் தரும் மருந்து என்பதால் 90 நாள் சோதனையே நியாயமானது.

இன்னொன்று. எலியால் வாந்தி எடுக்க முடியாது. மனிதனில் முதலில் தெரியும் குமட்டல் எலியில் தெரியாது, உணவு குறைவதிலும் எடை இறங்குவதிலும் மரத்தூளையோ களிமண்ணையோ கொறிப்பதிலும்தான் தெரியும். ஆகவே எடை, உணவு, தண்ணீர் மூன்றையும் தினமும் எழுதுங்கள்.

8. காராஜீனன் பாத வீக்கம்

இப்போதுதான் அந்த பாட்டிலைத் திறக்கலாம். லாம்டா காராஜீனன், 1 சதவீதம், சாதாரண சலைனில். கட்டி தட்டாமல் முழுவதும் ஊற நேரம் கொடுங்கள், முந்தைய நாள் மாலையே கலந்து குளிர்பெட்டியில் வைப்பது வசதி.

மருந்தை எத்தனை நாள் முன்பே கொடுப்பது? பஸ்மம் சேர்ந்த மருந்தை ஒரே முறை கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று முடிவுகட்ட முடியாது. 7 அல்லது 14 நாள் கொடுத்து, கடைசி டோஸுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஊசி போடுங்கள். இண்டோமெத்தசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரு முறை போதும், ஆனால் அந்தக் குழுவுக்கும் மற்ற நாட்களில் வெறும் சிஎம்சி ஊட்ட வேண்டும். தினமும் பிடித்து ஊட்டுவதே ஒரு அழுத்தம், அது எல்லாக் குழுவுக்கும் சமமாக இருக்கட்டும்.

ஊசிக்கு முன் கணுக்காலில் மையால் கோடு போடுங்கள், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுவரை மட்டும் பாதத்தை இறக்குங்கள். கோடு இல்லாமல் கண்ணளவில் இறக்கினால் வரும் பிழை, நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். 0.1 மி.லி.யை உள்ளங்காலின் தோலடியில் மெதுவாகச் செலுத்தி, சில நொடி நிறுத்தி, பிறகு ஊசியை உருவுங்கள். கசிந்தால் அதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எந்த விலங்கை நீக்குவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், முடிவைப் பார்த்துவிட்டு அல்ல.

அளவு 0, 1, 2, 3, 4, 5 மணியில். முதல் மணி நேரத்தில் ஹிஸ்டமினும் செரடோனினும் வேலை செய்கின்றன, நடுவில் கைனின்கள், சுமார் இரண்டரை மணிக்குப் பிறகு புரோஸ்டாகிளாண்டின்கள். மூன்றாம் மணியில் மட்டும் அளந்தால் மருந்து எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்ற தகவல் முழுவதும் போய்விடும்.

அளப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. மருந்து கறுப்பாக இருக்கும், கன்ட்ரோல் வெள்ளையாக இருக்கும், ஊட்டுகிறவரே அளந்தால் மறைப்பு என்பது பேச்சளவில்தான். ஊட்ட ஒருவர், அளக்க வேறொருவர், குறியீட்டுப் பட்டியல் மூன்றாமவரிடம். ஆள் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள், பக்கத்து ஆய்வகத்து நண்பரிடம் கேளுங்கள்.

9. வலிச் சோதனைகளும், அவற்றோடு கட்டாயம் ரோட்டராடும்

ஒரே சோதனை போதாது, ஒவ்வொன்றும் வேறு வகை வலியைக் கேட்கிறது. சுண்டெலியின் வயிற்றறைக்குள் 0.6 சதவீத அசெட்டிக் அமிலம் செலுத்தி உடல் முறுக்கல்களை 20 நிமிடம் எண்ணுவது எளிது, நுண்ணுணர்வு அதிகம், ஆனால் தசை தளர்த்திகளும் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். 55 டிகிரி சூட்டுத் தட்டு மைய நரம்பு மண்டலத்தைப் பார்க்கிறது. 15 நொடியில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் வெந்துவிடும். ஒரே விலங்கைத் திரும்பத் திரும்ப வைத்தால் அது குதிக்கக் கற்றுக்கொண்டு நேரம் தானாகக் குறையும்.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் பாதத்தில் ஃபார்மலின் செலுத்தி, விலங்கு அதை நக்கும் நேரத்தை அளக்கும் ஃபார்மலின் சோதனையைச் செய்யச் சொல்வேன். முதல் 5 நிமிடம் நேரடி நரம்பு வலி, 15 முதல் 30 நிமிடம் வரை அழற்சி சார்ந்த வலி. ஒரே விலங்கில் இரண்டும் தெரிகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எலி பாதத்தை மெதுவாக எடுக்கிறது என்றால் வலி குறைந்தது என்று மட்டும் பொருள் இல்லை. மயக்கம் இருக்கலாம், தசை வலுவிழந்திருக்கலாம், நரம்பே பழுதாகியிருக்கலாம். ஈயமும் பாதரசமும் நரம்பைத் தாக்கும் பொருட்கள், அவை இருக்கும் மருந்தைச் சோதிக்கும்போது இந்தச் சந்தேகம் கூடுதல் கவனம் அல்ல, மையக் கேள்வியே அதுதான். அதனால் ஒவ்வொரு குழுவையும் ரோட்டராடில், அதாவது சுழலும் தண்டில், ஏற்றி, எத்தனை நொடி நிற்கிறது என்று பாருங்கள், பிடிவலிமையையும் அளங்கள். சூட்டுத் தட்டில் நேரம் கூடி, ரோட்டராடில் நேரம் குறைந்தால் அதை வலி நிவாரணம் என்று எழுதாதீர்கள்.

10. நாள்பட்ட மூட்டழற்சி

மகாயோகராஜ குக்குலுவை யாரும் ஒரு மணி நேர வீக்கத்துக்குச் சாப்பிடுவதில்லை. ஆகவே ஃப்ராய்ண்டின் முழு அட்ஜுவன்ட் (நோயெதிர்ப்பைத் தூண்டி மூட்டழற்சி உண்டாக்கும் எண்ணெய்க் கலவை) 0.1 மி.லி. ஒரு பாதத்தில் செலுத்தி 28 நாள் தொடரும் சோதனைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஊசி போடாத பாதமும் இரண்டாம் வாரத்தில் வீங்கத் தொடங்கும், அதையும் அளங்கள், ஏனென்றால் உடல் முழுவதும் பரவிய நோயெதிர்ப்பு அழற்சியைக் காட்டுவது அந்தப் பாதம்தான். செலுத்தும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், அந்த எண்ணெய் உங்கள் விரலில் ஏறினால் ஆறாத கட்டியாகிவிடும்.

வீக்கம் குறைந்தால் உடனே மகிழ வேண்டாம். ஈயமும் பாதரசமும் நோயெதிர்ப்பு மண்டலத்தையே பாதிக்கக்கூடியவை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மண்ணீரல், தைமஸ் எடை ஆகியவற்றையும் பார்த்தால்தான் அழற்சி அடங்கியதா, எதிர்ப்புச் சக்தி நசுங்கியதா என்று பிரிக்க முடியும். எடை 20 சதவீதம் குறைந்த விலங்கை அதற்கு மேல் துன்புறுத்தாமல் முடித்துக்கொள்ளும் விதியையும் முன்பே வையுங்கள்.

11. ரத்தத்திலும் உறுப்பிலும் உலோகம்

28ஆம் நாள் ரத்தம் எடுக்கும்போது சீரம் மட்டும் பிரித்து அனுப்பினால் ஈயம் கிடைக்காது. ரத்தத்தில் உள்ள ஈயத்தில் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. முழு ரத்தமாக, உலோகம் கலக்காத குழாயில் எடுங்கள். சிறுநீரகம், கல்லீரல், மூளை, தொடை எலும்பு நான்கையும் பாதுகாத்து வையுங்கள். பாதரசம் முக்கியமாகச் சிறுநீரகத்தில் சேரும், ஈயம் எலும்பில்.

கிரியேட்டினின் இயல்பாக இருக்கிறது, ஆகவே சிறுநீரகத்துக்குக் கேடில்லை என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. கிரியேட்டினின் ஏறுவதற்குள் பெரும்பகுதி கெட்டிருக்கும். சிறுநீரில் கிம்-1 (சிறுநீரகத் திசு காயப்பட்டால் வெளிவரும் புரதம்) அளங்கள், திசுவையும் நுண்ணோக்கியில் பாருங்கள். ஈயத்துக்கு, அது முடக்கும் ஆலாட் நொதியின் செயல்பாடு ரத்தத்தில் குறைவது நல்ல ஆரம்ப அறிகுறி.

பஸ்மம் இல்லாத குழுவின் அளவுகளும் இங்கே வேண்டும். தீவனத்திலும் தண்ணீரிலும் சிறிது உலோகம் எப்போதும் இருக்கும், அதைக் கழிக்காமல் எதையும் மருந்தின் தலையில் போட முடியாது.

12. கணக்கும், முடிவைப் படிப்பதும்

வீக்கம் எத்தனை சதவீதம் குறைந்தது என்ற சதவீதத் தடுப்பை வைத்துப் புள்ளியியல் செய்யாதீர்கள். குழுச் சராசரியிலிருந்து வந்த சதவீதத்தில் விலங்குகளுக்கிடையேயான சிதறல் மறைந்துபோகிறது. ஒவ்வொரு விலங்கின் பாதப் பருமன் கூடுதலையும் வைத்து, நேரத்தையும் குழுவையும் சேர்த்துப் பார்க்கும் மீள் அளவீட்டு அனோவா என்ற புள்ளியியல் சோதனையைச் செய்யுங்கள், சதவீதத்தை வாசகருக்காகக் கடைசியில் போடுங்கள். சூட்டுத் தட்டில் 15 நொடியைத் தொட்ட விலங்குக்கு உண்மையான நேரம் தெரியாது, அதை 15 என்று வைத்துச் சராசரி எடுப்பது தவறு. உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு முறையில் பாருங்கள்.

முக்கியமான ஒப்பீடு முழு மருந்துக்கும் கன்ட்ரோலுக்கும் இடையே அல்ல, முழு மருந்துக்கும் மூலிகை மட்டும் உள்ளதற்கும் இடையே. இரண்டும் ஒரே அளவு பலன் தந்து, முழு மருந்துக் குழுவின் ரத்தத்தில் மட்டும் ஈயம் ஏறியிருந்தால், அந்தச் சோதனையில் உலோகங்கள் நன்மை எதையும் சேர்க்கவில்லை, தீமையை மட்டும் சேர்த்தன என்று நேராக எழுதுங்கள். உலோகம் மட்டும் பெற்ற குழுவில் பலன் தெரிந்து, ரோட்டராடும் சிறுநீரகமும் எலும்பும் சுத்தமாக இருந்தால் அதையும் அதே நேர்மையோடு எழுதுங்கள், அது கவனிக்கத் தகுந்த முடிவு. பலன் தெரியாத சோதனையையும் மேசை இழுப்பறையில் போடாமல் வெளியிடுங்கள், எண்ணிக்கை எப்படி வந்தது, எந்தக் குழு என்பதை யாரிடமிருந்து மறைத்தீர்கள், எவற்றை நீக்கினீர்கள் என்பதை விலங்கு ஆய்வு அறிக்கைகளுக்கான அரைவ் வழிகாட்டுதல் கேட்கும் வரிசையில் கொடுங்கள்.

மிச்சமான சஸ்பென்ஷன், கூண்டின் மரத்தூள், விலங்குகளின் உடல் எல்லாவற்றிலும் ஈயமும் பாதரசமும் இருக்கும். மற்ற உயிரியல் கழிவோடு சேர்த்து எரியூட்டிக்கு அனுப்பினால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் போகும். தனிப் பையில் கட்டி, எந்த உலோகம் என்று எழுதி ஒட்டி, நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அந்த ஏற்பாட்டையும் நான்காம் படியின் விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் கடைசி நாளில் அலைய வேண்டியதில்லை.